விருந்தாளியின் எண் 501

ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போவது எங்கள் வழக்கம். ராஜபாளையத்தில் பஸ் ஏறி உட்கார்ந்து, ஒரு தூக்கம் போடலாமா என்று யோசிப்பதற்குள் பதினொரு நிலைக் கோபுரம் தெரிந்துவிடும். ஒரு வருடம் முடிக்க வேண்டிய கட்டுரை ஒன்று பாக்கி இருந்ததால் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு போனேன். தேர் நாளில் அந்த வீட்டில் இருபது பேருக்குக் குறையாது என்பது தெரிந்திருந்தும் செய்த தப்பு அது.

காலைப் பலகாரம் முடிவதற்குள் அக்கா மகன் வந்துவிட்டான். “மாமா, பாஸ்வேர்டு என்ன?”

சொன்னேன். தாய்மாமன் வேறு என்ன செய்வான்?

தேர் நிலைக்கு வந்து, கூட்டம் கலைந்து, சாயங்காலம் நான் லேப்டாப்பைத் திறந்தபோது அது வேறு யாருடையதோ போல இருந்தது. இன்டர்நெட்டைத் திறந்தால் நான் கேள்விப்படாத ஒரு தேடல் பக்கம். திரையின் மூலையில் கார் பந்தய விளையாட்டு ஒன்று. அதோடு ஒட்டிக்கொண்டு வந்த வேறு இரண்டு புரோகிராம்கள். பக்கத்து வீட்டுப் பெண் கல்லூரி விண்ணப்பம் நிரப்பியிருக்கிறாள். அதற்குப் பிறகு ஒரு மாதம், நான் எந்தப் படிவத்தில் பெயர் எழுதப்போனாலும் அவள் பெயரும் பிறந்த தேதியும் தாமாக வந்து நின்றன. யாரும் எதையும் திருடவில்லை, யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. என் கட்டுரையைக்கூட அவன் அழிக்கவில்லை, ‘டெஸ்க்டாப் குப்பையா இருந்துச்சு மாமா’ என்று எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டருக்குள் அள்ளிப் போட்டிருந்தான். தேடிக் கண்டுபிடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது.

பஸ்ஸில் திரும்பும்போது ஒன்று உறைத்தது. அந்த வீட்டில் நான் விருந்தாளி. என் லேப்டாப்புக்குள் அவர்கள் விருந்தாளிகள். அக்கா எனக்கு மாடி அறையில் பாய் போட்டுக் கொடுத்தாள். பீரோ சாவியைக் கொடுக்கவில்லை. நானோ அக்கா மகனிடம் பீரோ சாவியையே கொடுத்திருக்கிறேன்.

என் கதையை விடுங்கள், ஒரு கணினியைப் பல கைகள் பயன்படுத்துவது தமிழ்நாட்டில் பெரிய அளவிலேயே நடந்திருக்கிறது. 2011 செப்டம்பரில் அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. மாநில அரசு நிறுவனமான எல்காட் வாங்கிக் கொடுத்த அந்த லேப்டாப்புகளில் ஆரம்பத்தில் விண்டோஸும், மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. மில்லுக்குப் போகிற அப்பா, சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற சித்தப்பா, பத்தாவது படிக்கும் தம்பி என்று இருந்த வீடுகளில் அதுதான் முதல் கணினி. ப்ளஸ் டூ படித்த மகளின் பெயரில் வந்தாலும் அது வீட்டின் சொத்து. டிவி, கிரைண்டர் மாதிரி. ஆனால் கிரைண்டரை நேற்று யார் ஓட்டினார்கள் என்று இன்றைய மாவு சொல்லாது. கணினி எல்லாவற்றையும் ஞாபகம் வைத்துக்கொள்ளும். அந்த மகளின் ப்ராஜெக்டும், தம்பி இறக்கிய பாட்டும், அப்பாவுக்காக ஸ்கேன் செய்த பட்டாவும் ஒரே பயனர் கணக்கில், ஒரே பெயருக்கு அடியில் குவிந்தன.

பயனர் கணக்கு என்றால் என்ன? பெயரும் பாஸ்வேர்டும் என்றுதான் பலரும் சொல்வார்கள். இயங்குதளத்தின் உட்கருவுக்கு, கெர்னல் என்கிறார்களே, அதற்கு உங்கள் பெயரில் அக்கறை கிடையாது. அதற்குத் தெரிந்தது ஒரு எண். லினக்ஸில் சர்வ அதிகாரமும் கொண்ட ‘ரூட்’ பயனரின் எண் 0. உபுண்டுவை நிறுவும்போது முதலில் உருவாகும் மனிதப் பயனருக்கு 1000. விண்டோஸில் எண் நீளமானது, அதன் கடைசித் துண்டுதான் முக்கியம்: கூடவே பிறந்த நிர்வாகிக்கு 500, கூடவே பிறந்த விருந்தாளிக்கு 501. உங்கள் விண்டோஸ் கணினியைப் பெட்டியிலிருந்து பிரித்த அன்றே அந்த 501-ஆம் எண்காரர் உள்ளே இருந்தார், முடக்கப்பட்டு, தூங்கிக்கொண்டு. ஆப்பிள் மேக்கில் இதே 501, வீட்டுக்காரரின் எண். அங்கே விருந்தாளிக்கு 201. எண்ணுக்குத் தனியாக மகிமை எதுவும் இல்லை, யாருக்குக் கொடுத்தோம் என்பதுதான் கணக்கு.

நீங்கள் பாஸ்வேர்டைத் தட்டி உள்ளே போனதும், அதற்குப் பிறகு நீங்கள் தொடங்கும் ஒவ்வொரு புரோகிராமின் முதுகிலும் இந்த எண் ஒட்டப்படுகிறது. வேர்டு, பிரவுசர், கார் பந்தயம், எதுவும் விலக்கல்ல. ஒவ்வொரு கோப்பிலும் அதன் சொந்தக்காரர் எண்ணும், யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்ற பட்டியலும் இருக்கும். ஒரு புரோகிராம் கோப்பைத் திறக்கக் கேட்கும்போது கெர்னல் இரண்டையும் ஒப்பிடுகிறது. பொருந்தினால் திறக்கும், இல்லையென்றால் ‘அனுமதி இல்லை’. எங்கள் ஊர் நாயை நினைத்துக்கொள்ளுங்கள். 2005-இல் அஞ்சல் தலையிலேயே இடம்பிடித்த வெள்ளை ராஜபாளையம் நாய்க்கு வீட்டு ஆள் யார், வெளி ஆள் யார் என்பது மட்டும் தெரிந்தால் போதும். வெளி ஆள் நல்லவரா கெட்டவரா என்பதெல்லாம் அதன் இலாகா இல்லை.

புரோகிராம் ஏன் கெர்னலைச் சுற்றிவளைத்து, கோப்புகள் இருக்கும் வட்டுக்கே நேராகப் போய்ப் படித்துவிடக் கூடாது? அதை மென்பொருளால் மட்டும் தடுக்க முடியாது, சிப்பே தடுக்க வேண்டும். இன்டெலின் 80286 சிப் 1982-இல் வந்தபோது அதில் நான்கு அடுக்கு அதிகாரம் வகுத்திருந்தார்கள். இன்றைய விண்டோஸும் லினக்ஸும் அவற்றில் இரண்டைத்தான் பயன்படுத்துகின்றன: மேலே கெர்னல், கீழே மற்ற எல்லாம். கீழே ஓடும் புரோகிராம் வட்டைத் தொடும் கட்டளையைத் தந்தால் சிப் அதை நிறைவேற்றாமல் நிறுத்தி, கெர்னலிடம் புகார் கொடுக்கும். இன்னொருவருடைய புரோகிராம் நினைவகத்தில் வைத்திருப்பதை எட்டிப்பார்க்க முயன்றாலும் இதே கதைதான். ஆக, விருந்தாளிக் கணக்கின் சுவர் சிலிக்கானில் இருக்கிறது. லாகின் திரை அதற்கு வாசல்படி மட்டுமே.

இந்தச் சுவர் இல்லாத காலமும் இருந்தது. 1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் டாஸ் இயங்குதளத்துக்குப் பயனர் என்ற சொல்லே தெரியாது. கீபோர்டின் முன் உட்கார்ந்தவர்தான் முதலாளி. விண்டோஸ் 98 பாஸ்வேர்டு கேட்கும், ‘எஸ்கேப்’ பொத்தானைத் தட்டினால் வழிவிடும். அந்தக் காலத்துப் பிரவுசிங் சென்டர்களில் உட்கார்ந்தவர்களுக்கு இது நினைவிருக்கும்.

விந்தை என்னவென்றால், இந்தச் சிக்கல் பெர்சனல் கம்ப்யூட்டருக்கு முன்பே தீர்க்கப்பட்டிருந்தது. 1961-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கொர்பாட்டோ தலைமையிலான குழு சிடிஎஸ்எஸ் என்ற அமைப்பைச் செய்துகாட்டியது. ஒரு பெரிய கணினி, அதைப் பங்குபோட்டுக்கொள்ளும் பலர். அவரவர் கோப்பு அவரவருக்கு என்பதற்காகக் கணக்கும் பாஸ்வேர்டும் வைத்தார்கள். 1962-இல் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், வாரத்துக்கு ஒதுக்கிய நான்கு மணி நேரம் போதவில்லை என்று, பாஸ்வேர்டுகள் அடங்கிய கோப்பையே அச்சடித்துத் தரும்படி கணினியிடம் ஒரு துளை அட்டையில் கேட்டார். அது அச்சடித்துத் தந்தது. மற்றவர்களுடைய நேரத்தில் அவர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டார்.

இதைவிட எனக்குப் பிடித்தது, சில ஆண்டுகள் கழித்து அதே அமைப்பில் நடந்த இன்னொரு விபத்து. ஒரு நாள் உள்ளே நுழைந்தவர்கள் எல்லோருக்கும், வழக்கமான ‘இன்றைய அறிவிப்பு’க்குப் பதிலாக, எல்லாருடைய பாஸ்வேர்டுகளும் வரிசையாக அச்சாகி வந்தன. காரணம் எளிது. நிர்வாகிகள் இரண்டு பேர் ஒரே கணக்கில் ஒரே நேரத்தில் வேலை செய்தார்கள். ஒருவர் அறிவிப்பைத் திருத்தினார், மற்றவர் பாஸ்வேர்டுக் கோப்பைத் திருத்தினார். திருத்தும் புரோகிராமோ, ஒரு கணக்கில் ஒரு சமயத்தில் ஒரே ஆள்தான் இருப்பார் என்று நம்பி எழுதப்பட்டது. யார் வந்தாலும் தற்காலிகக் கோப்புக்கு ஒரே பெயரைத்தான் வைக்கும். இரண்டும் இடம் மாறிவிட்டன. உலகத்திலேயே முதல் தரமான பொறியாளர்கள் நடத்திய கணினி அது. அக்கா மகனை நான் கோபித்துக்கொள்ளாததற்கு இந்தக் கதையும் ஒரு காரணம்.

இனி நம் ஊர் விஷயத்துக்கு வருவோம்.

கடையில் கணினி வாங்கும்போது ‘பார்ட்டிஷன் போட்டுத் தரவா சார்?’ என்று கேட்பார்கள். ஒரே வட்டை சி, டி, ஈ என்று பிரித்துக் கொடுப்பார்கள். கூடவே ஓர் உபதேசம்: ‘சி-யில ஒண்ணும் வைக்காதீங்க. ஃபார்மட் பண்ணினா போயிரும். எல்லாத்தையும் டி-யில போடுங்க.’ நல்ல உபதேசம்தான். வைரஸ் வந்தாலே விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்ட காலத்தில் பல கல்யாண ஆல்பங்களைக் காப்பாற்றியது. இன்றும் பலர் வீட்டில் ஆதார் நகல், வங்கிப் பாஸ்புக் ஸ்கேன், பத்திரம், மகன் மார்க் ஷீட், எல்லாம் டி டிரைவில்தான்.

இப்போது விருந்தாளிக்குத் தனிக் கணக்கு போடுகிறீர்கள். என்ன ஆகும்? சி டிரைவில் உங்கள் பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கிறது. டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் எல்லாம் வழக்கமாக அதற்குள்தான். விண்டோஸ் அதை உருவாக்கும்போதே நீங்களும் நிர்வாகிகளும் தவிர யாரும் நுழையக் கூடாது என்று பட்டியல் எழுதிவைக்கிறது. டி டிரைவுக்கு அப்படி இல்லை. என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்த டி டிரைவின் பட்டியலில், முறையாக லாகின் செய்த எந்தப் பயனரும் படிக்கலாம், திருத்தலாம், அழிக்கலாம் என்பதுதான் வழக்கமான விதி. விண்டோஸின் பார்வையில் டி டிரைவ் பொது இடம்.

அதாவது, டி டிரைவ் வீட்டுத் திண்ணை. வழிப்போக்கர் உட்காரலாம், படுக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள், அதற்காகத்தான் கட்டியது. கதவும் தாழ்ப்பாளும் திண்ணைக்கு உள்ளே. நாமோ பட்டாவையும் நகைப்பெட்டியையும் திண்ணையில் பரப்பிவிட்டு, விருந்தாளிக்குத் தனி அறை ஒதுக்கிவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்குகிறோம். ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவ் திண்ணைகூட இல்லை, தெரு. அதில் சொந்தக்காரர் யார் என்று எழுதிவைக்கக்கூட இடம் கிடையாது.

சரிசெய்யும் வழி கடினம் இல்லை. முக்கியமான கோப்புகளை உங்கள் டாகுமென்ட்ஸுக்குள் கொண்டுபோங்கள். ஃபார்மட் பயத்துக்கு மருந்து வேறு வட்டில் ஒரு நகல்தான், டி டிரைவ் அல்ல. ஒரே வட்டு பழுதானால் சி-யும் டி-யும் சேர்ந்தேதான் போகும். டி-யில்தான் வைப்பேன் என்றால் அங்கே ஒரு ஃபோல்டர் போட்டு, வலது கிளிக்கில் ‘செக்யூரிட்டி’ பகுதிக்குப் போய், மேலிருந்து வரும் அனுமதிகளைத் துண்டித்து, பட்டியலில் உங்களை மட்டும் வையுங்கள். முதல் முறை அவசரம் இல்லாமல், முக்கியமில்லாத ஃபோல்டர் ஒன்றில் செய்து பழகுங்கள். பட்டியலிலிருந்து தன்னையே நீக்கிவிட்டுத் திருதிருவென்று விழித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் நானும் ஒருவன்.

அடுத்த கேள்வி, விருந்தாளி போன பிறகு என்ன மிஞ்சுகிறது என்பது. ஆண்டாள் சூடிப் பார்த்து வைத்த மாலையில் ஒரு முடியைக் கண்டதால்தான் பெரியாழ்வாருக்கு விஷயம் தெரிந்தது என்ற கதை ஸ்ரீவில்லிபுத்தூரில் பிள்ளைகளுக்கும் தெரியும். கணினியில் அந்த மாதிரி முடி நூற்றுக்கணக்கில் கிடக்கும்: பார்த்த பக்கங்களின் பட்டியல், குக்கீ, கடைசியாகத் திறந்த கோப்புகள், படிவத்தில் தட்டிய பெயர். பெருமாள் அந்த மாலையைத்தான் விரும்பிக் கேட்டார். பக்கத்து வீட்டுப் பெண்ணின் பிறந்த தேதியை நான் கேட்கவில்லை.

ஆப்பிள் இதற்கு 2007-இல் ஒரு தீர்வு தந்தது. மேக் ஓஎஸ் டென் 10.5 பதிப்பில் விருந்தாளிக் கணக்கு வந்தது; அவர் வெளியேறியதும் அவருடைய ஃபோல்டர் முழுவதும் அழிக்கப்படும். சத்திரத்து அறையைக் காலி செய்ததும் கழுவிவிடுவது போல. அழகான யோசனை. 2009-இல் அடுத்த பதிப்பில் ஒரு பிழை புகுந்தது: சில கணினிகளில் விருந்தாளியாக உள்ளே போய் வந்துவிட்டு, பிறகு தன் கணக்கைத் திறந்தால் வீட்டுக்காரரின் கோப்புகளே காலி. கழுவ வந்தவர் அடுத்த அறையையும் சேர்த்துக் கழுவிவிட்டார். நவம்பரில் 10.6.2 என்ற திருத்தம் வந்து சரியானது. நகல் வைத்திருந்தவர்கள் மட்டும் பிழைத்தார்கள்.

உபுண்டுவிலும் விருந்தாளி அமர்வு இருந்தது. வெளியேறினால் சுவடே இருக்காது. 2017-இல் புதிய பதிப்புகளில் அந்தச் சுவரில் ஓட்டை இருப்பது தெரிந்தது. விருந்தாளி மற்றவர்களின் கோப்புகளைப் பார்க்க முடிந்தது, உடனே அந்த வசதியை முடக்கினார்கள். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் விருந்தாளிக் கணக்கு எழுந்து உட்காரும். விண்டோஸ் 10-இல் அந்தப் பொத்தானையே எடுத்துவிட்டார்கள். 501 இன்னும் உள்ளே தூங்குகிறார், எழுப்ப வழியில்லாத மாதிரி வைத்திருக்கிறார்கள். ‘கெஸ்ட்’ என்ற பெயரில் நீங்கள் புதிதாகக் கணக்கு தொடங்கவும் முடியாது, பெயர் ஏற்கெனவே அவருடையது.

எனவே விண்டோஸ்காரர்கள் சாதாரணக் கணக்கு ஒன்றையே விருந்தாளிக்கு ஒதுக்க வேண்டும். செட்டிங்ஸில் ‘அக்கவுன்ட்ஸ்’, அதற்குள் மற்றப் பயனர்கள், அங்கே புதிய கணக்கு சேர்க்கும் பொத்தான். உடனே மைக்ரோசாஃப்ட் மின்னஞ்சல் முகவரி கேட்கும். அந்த நபரின் விவரம் என்னிடம் இல்லை என்ற வரியைத் தட்டி, அடுத்த திரையில் மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் சேர்க்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். பெயரை ஆங்கில எழுத்தில் வையுங்கள். தமிழில் ‘விருந்தாளி’ என்று வைத்தாலும் விண்டோஸ் ஏற்றுக்கொள்ளும், ஆனால் அந்தப் பெயரில்தான் ஃபோல்டர் உருவாகும், சில பழைய புரோகிராம்கள் அதைக் கண்டு மூச்சுத் திணறும். தமிழுக்கு இன்னும் இந்த நிலை என்பது எனக்கு வருத்தம்தான்.

கணக்கின் வகை ‘ஸ்டாண்டர்ட்’ ஆக இருக்க வேண்டும், ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ கூடாது. இந்த ஒரு சொல்லில்தான் முழு விஷயமும் இருக்கிறது. நிர்வாகிக் கணக்கு கொடுத்தால், உங்கள் ஃபோல்டரைத் திறக்கும்போது விண்டோஸ் ஒரு முறை ‘தொடரலாமா?’ என்று கேட்கும். ‘தொடர்’ என்றால் திறந்துவிடும். கார் பந்தயத்தோடு ஒட்டிவந்த இரண்டு புரோகிராம்களும் கணினி முழுவதற்குமாக நுழைந்தது இப்படித்தான். அக்கா மகன் ‘ஆம்’ என்று தட்டியபோது அது என்னுடைய ‘ஆம்’ ஆக இருந்தது. சாதாரணக் கணக்கில் அதே இடத்தில் நிர்வாகியின் பாஸ்வேர்டைக் கேட்டிருக்கும். புதுக் கணினியில் நீங்கள் முதலில் தொடங்கும் கணக்கே நிர்வாகிக் கணக்குதான். அதைத்தான் பெரும்பாலான வீடுகளில் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள்.

யாரோ பத்து நிமிடம் ரயில் டிக்கெட் பார்க்கக் கேட்டால் இவ்வளவு பாடு வேண்டியதில்லை. க்ரோமில் ‘கெஸ்ட்’ ஜன்னல் ஒன்று இருக்கிறது; மூடியதும் அதன் சுவடுகள் போய்விடும், உங்கள் பாஸ்வேர்டுகளும் அதில் தெரியாது. ஆனால் அது பிரவுசருக்குள் இருக்கும் அறை. பிரவுசரைச் சுருக்கினால் உங்கள் டெஸ்க்டாப் அப்படியே பின்னால் காத்திருக்கும். ஆண்ட்ராய்டு 5.0 வந்த 2014 முதல் பல போன்களிலும் விருந்தாளி முறை இருக்கிறது, சில நிறுவனங்கள் அதை எடுத்துவிட்டிருக்கும். உங்கள் போனில் தேடிப் பாருங்கள்.

எல்லாம் செய்தாலும் ஒரு வழி திறந்தே இருக்கும். கெர்னல் விழித்திருக்கும்வரைதான் காவல். பென்டிரைவில் ஒரு லினக்ஸைப் போட்டுக் கணினியை அதிலிருந்து எழுப்பினால், வருவது வேறு கெர்னல்; உங்கள் வட்டில் உள்ள அனுமதிப் பட்டியலை அது மதிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வட்டைக் கழற்றி இன்னொரு கணினியில் மாட்டினாலும் அப்படியே. ஒரு முறை ஒரு சர்வீஸ் கடையில் கீபோர்டு மாற்றக் கொடுத்த லேப்டாப் திரும்பி வந்தபோது, என் குடும்பப் படங்கள் ‘சமீபத்தில் திறந்தவை’ பட்டியலில் மேலே இருந்தன. நான் பாஸ்வேர்டை ஒரு சீட்டில் எழுதி மூடியிலேயே ஒட்டிக் கொடுத்திருந்தேன், யாரைக் குறை சொல்வது? இந்த ஆபத்துக்கு மருந்து வட்டையே மறையாக்கம் செய்வது. விண்டோஸ் ப்ரோவில் அதன் பெயர் பிட்லாக்கர். மீட்புச் சாவி என்று ஒரு நீண்ட எண் தரும். அதைக் காகிதத்தில் எழுதி வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள், கணினி அதைக் கேட்கும் நாளில் அது கையில் இல்லையென்றால் உங்கள் கோப்புகளை உங்களாலேயே திறக்க முடியாது.

அடுத்த ஆடிப்பூரத்துக்கும் லேப்டாப்பைக் கொண்டுபோனேன். அக்கா மகன் இப்போது கல்லூரி இரண்டாம் வருடம், கம்ப்யூட்டர் சயன்ஸ். தனிக் கணக்கைப் பார்த்துவிட்டு, “என் மேல நம்பிக்கை இல்லையா மாமா?” என்றான். அவன் கேட்டது நியாயமாகத்தான் பட்டது. அவன் இப்போது தொடங்கும் விளையாட்டு அடுத்த வருடம் விட்ட இடத்திலிருந்து தொடரும், அவன் பாட்டை யாரும் அழிக்க மாட்டார்கள், டெஸ்க்டாப்பை அவன் இஷ்டத்துக்குக் குப்பையாக்கலாம் என்று சொன்னேன். அரை மணி நேரம் எதையோ தட்டிக்கொண்டிருந்தான்.

“மாமா, உங்க டி டிரைவ் எனக்குத் திறக்குதே!”

திண்ணையைப் பற்றி நான் தெரிந்துகொண்டது அப்படித்தான். நீங்களும் விருந்தாளிக்குக் கணக்கு தொடங்கியதும், அதை அவரிடம் கொடுப்பதற்கு முன்னால், ஒரு முறை அந்தப் பெயரில் நீங்களே உள்ளே போய் உங்கள் டி டிரைவைத் திறந்து பாருங்கள்.